வாய்ப்புண் வந்தால் எதைத் தவிர்க்க வேண்டும், வீட்டில் என்ன செய்யலாம்: முழுமையான வழிகாட்டி

கடுகளவு புண்தான். ஆனால் உள்ளுதட்டில் வந்துவிட்டால் பல் தேய்க்க முடியாது, சூடாக எதையும் குடிக்க முடியாது, சிரித்தால்கூடச் சுரீர் என்கிறது. சொல்லிவிட்டால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் வந்து குவியும். உப்பை வை, தேனைத் தடவு, படிகாரத்தைத் தேய், மாத்திரையைப் பொடித்து அடக்கிக்கொள். இவற்றில் சில நிஜமாகவே உதவும், சில உதவாது, சில புண்ணை இன்னும் பெரிதாக்கிவிடும்.

சாதாரண வாய்ப்புண் 7 முதல் 14 நாட்களுக்குள் தானாகவே ஆறிவிடும். ஒன்றுமே தடவாவிட்டாலும் ஆறும். ஆகவே வீட்டு வைத்தியத்திடம் இரண்டே இரண்டு வேலைகளை எதிர்பார்த்தால் போதும்: வலி குறைய வேண்டும், ஆறிக்கொண்டிருக்கும் புண்ணை நாமே சீண்டிக் கெடுக்காமல் இருக்க வேண்டும். மாதாமாதம் வருகிறது என்றால் அது வேறு கதை. அதற்குக் காரணத்தைத் தேட வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் படி: கண்ணாடியில் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில், கைபேசி டார்ச்சை அடித்துக்கொண்டு பாருங்கள். கீழுதட்டை வெளிப்பக்கமாக மடித்துப் பார்க்க வேண்டும், கன்னத்தை விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும், நாக்கை மேலே தூக்கி அடிநாக்கையும் பார்க்க வேண்டும். நடுவில் வெள்ளை அல்லது இளமஞ்சள், சுற்றிலும் சிவப்பு வளையம், வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருந்தால் அது பெரும்பாலும் சாதாரண வாய்ப்புண். மருத்துவர்கள் இதை ஆப்தஸ் புண் என்பார்கள். பொதுவாக 1 செ.மீ.க்குக் குறைவாகத்தான் இருக்கும். உள்ளுதடு, கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், அடிநாக்கு போன்ற மென்மையான இடங்களில் வரும். வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அந்த இடம் எரிவது போலவோ குறுகுறுப்பாகவோ இருக்கும். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

இதே சமயத்தில் உதட்டின் வெளி ஓரத்தில், முதலில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்களாக வந்து, பிறகு உடைந்து பொருக்குத் தட்டினால் அது வேறு. அது ஹெர்பிஸ் வைரஸால் வருவது, தொற்றும். குழந்தைக்குக் காய்ச்சலோடு வாயில் புண், உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவந்த புள்ளிகள் என்றால் அதுவும் வைரஸ் தொற்றுதான். இந்த இரண்டுக்கும் இங்கே சொல்லும் உணவுக் கட்டுப்பாடு பொருந்தும், ஆனால் மருந்து வேறு.

அளவையும் இடத்தையும் ஒரு தாளில் குறித்துத் தேதி போட்டு வையுங்கள். முடிந்தால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது வந்தது என்பதை ஒரு வாரத்தில் எல்லாருமே மறந்துவிடுகிறோம். அந்தத் தேதி எவ்வளவு முக்கியம் என்பது கடைசிப் பகுதியில் தெரியும்.

இரண்டாம் படி: புண்ணைச் சீண்டும் உணவுகளை நிறுத்துங்கள்

தவிர்க்க வேண்டியவற்றைப் பெரிய பட்டியலாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. காரம், புளிப்பு, சூடு, கரகரப்பு, அதிக உப்பு என்ற ஐந்தை நினைவில் வைத்தால் எந்தத் தட்டைப் பார்த்தாலும் முடிவெடுத்துவிடலாம்.

காரத்திலிருந்து தொடங்குவோம். மிளகாயில் உள்ள காப்சைசின், சூட்டை உணரும் அதே நரம்பு முனைகளைத்தான் தூண்டுகிறது. அதனால்தான் ஆறிப்போன காரக் குழம்பும் கொதிப்பது போல எரிகிறது. புண் இருக்கும் இடத்தில் மேல்தோல் இல்லை, நரம்பு முனைகள் வெளியே தெரியும்படி கிடக்கின்றன. கேட்கவே வேண்டாம். பச்சை மிளகாய், மிளகாய்த் தூள், மிளகு, மசாலா தூவிய நொறுக்குத்தீனி எல்லாம் புண் ஆறும்வரை வேண்டாம். தவறிப்போய்க் காரம் பட்டுவிட்டால் தண்ணீர் குடிப்பதில் பெரிய பலன் இல்லை, காப்சைசின் தண்ணீரில் கரையாது. ஒரு வாய் குளிர்ந்த பாலையோ தயிரையோ சற்று நேரம் வாயில் வைத்திருந்தால் எரிச்சல் தணியும்.

அடுத்தது புளிப்பு. எலுமிச்சை, ஆரஞ்சு, திராட்சை, தக்காளி, வினிகர் சேர்த்த ஊறுகாய், சாஸ். இவற்றின் அமிலம் திறந்த புண்ணில் பட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். அன்னாசி இரட்டைத் தொல்லை. அமிலத்தோடு, புரதத்தைச் சிதைக்கும் புரோமலைன் என்ற நொதியும் அதில் இருக்கிறது. புண் இல்லாத நாளிலேயே அன்னாசி தின்றால் நாக்கு முள் குத்துவது போல இருக்கும், அதற்குக் காரணம் இதுதான். குளிர்பானங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "குளிர்ச்சியாக இருக்கிறதே, இதமாக இருக்கும்" என்று கோலா குடிப்பார்கள். அதிலும் அமிலம் இருக்கிறது, சர்க்கரை அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. "வைட்டமின் சி சாப்பிட்டால் புண் ஆறும்" என்று யாரோ சொல்ல, எலுமிச்சைச் சாற்றை வாயில் ஊற்றிக்கொண்டு துடிப்பவர்கள் இருக்கிறார்கள். பழங்கள் நல்லவைதான். புண் ஆறிய பிறகு தாராளமாகச் சாப்பிடுங்கள். இந்தப் பத்து நாளைக்கு வாழைப்பழம், பப்பாளி, தர்பூசணி போன்ற புளிக்காத பழங்கள் போதும்.

கரகரப்பான உணவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சிப்ஸ், முறுகலாக வறுத்த ரொட்டி, உப்புக் கடலை, பொரித்த தீனி. ஒரு சிப்ஸைக் கையில் எடுத்து அதன் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், எவ்வளவு கூர்மை என்பது தெரியும். அது ஏற்கனவே உள்ள புண்ணைக் கிழிப்பது மட்டுமில்லை, பக்கத்தில் புதிதாக ஒரு கீறலையும் போடும். வாய்ப்புண் வரும் உடல்வாகு உள்ளவர்களுக்கு அந்தக் கீறலே இரண்டு நாளில் அடுத்த புண்ணாகிவிடும். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று வருகிறது என்று புலம்புபவர்கள் முதலில் தங்கள் மாலை நேரத் தீனியைக் கவனிக்க வேண்டும்.

சூடும் உப்பும் சொல்லாமலே புரியும். காபியோ டீயோ விடவே முடியாது என்றால், நன்றாக ஆறவைத்துக் குடியுங்கள். மதுவும் எரிக்கும், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் அப்படியே.

சாக்லேட், காபி, நிலக்கடலை, பாதாம், வால்நட், சீஸ், ஸ்ட்ராபெரி, இலவங்கப்பட்டை மணமுள்ள சூயிங்கம் இவற்றுக்குத் தனிக் கணக்கு. இவை எல்லாருக்கும் தொல்லை தருவதில்லை. சிலருக்கு மட்டும் இவற்றில் ஏதோ ஒன்று புண்ணையே வரவழைக்கிறது. உங்களுக்கு எது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் படி: அப்போது எதைத்தான் சாப்பிடுவது?

வலிக்குப் பயந்து பட்டினி கிடப்பதுதான் பலர் செய்வது. அதில் உடம்பு சோர்ந்து, புண் ஆறுவதும் தள்ளிப்போகும். மென்மையாக, வெதுவெதுப்பாக, காரமும் புளிப்பும் இல்லாமல் இருந்தால் எது வேண்டுமானாலும் சாப்பிடலாம். குழைய வெந்த சோற்றில் பருப்பு, கஞ்சி, பாலில் ஊறிய ஓட்ஸ், மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த முட்டை, முள் நீக்கி ஆவியில் வெந்த மீன், புளிக்காத தயிர். முட்டை, பருப்பு, மீன், தயிர் என்று புரதம் தினமும் இருக்கட்டும். புதுத் தோல் வளர அது வேண்டும்.

சின்ன உபாயம்: புண் இடப்பக்கம் என்றால் சிறுசிறு கவளமாக எடுத்து வலப்பக்கமே மெல்லுங்கள். பேசிக்கொண்டே சாப்பிட வேண்டாம். கன்னத்தைக் கடித்துக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான். முன்பக்க உதட்டில் புண் என்றால் ஸ்ட்ரா வைத்துக் குடிக்கலாம். தண்ணீரைக் குறைக்காதீர்கள். வாய் வறண்டால் நாக்கும் கன்னமும் பல்லில் உரசி எரிச்சல் கூடும்.

நான்காம் படி: கொப்பளிப்பு

வீட்டு வைத்தியங்களில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. நன்றாகக் கரைய வேண்டும், அடியில் கல் தங்கக் கூடாது. ஒரு வாய் எடுத்து, புண் இருக்கும் பக்கம் தலையைச் சாய்த்து, அரை நிமிடம் வைத்திருந்து துப்புங்கள். காலை, இரவு, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகு என்று நாளுக்கு நாலைந்து முறை. முதல் சில நொடிகள் எரியும், பிறகு அடங்கிவிடும். உப்பைக் கூட்டினால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்துக் கைநிறையப் போடாதீர்கள். எரிச்சல்தான் கூடும்.

உப்பு எரிச்சலைத் தாங்க முடியாதவர்கள் சமையல் சோடாவுக்கு மாறலாம். அரை கப் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 1 தேக்கரண்டி. இது வாயின் அமிலத்தன்மையைக் குறைக்கும், உப்பைவிட மென்மையாக இருக்கும். என் கைக்கு முதலில் வருவது இதுதான், குறிப்பாக முதல் மூன்று நாளில். இரண்டு கரைசலையும் விழுங்கக் கூடாது. துப்பத் தெரியாத சிறு குழந்தைகளுக்கு இரண்டுமே வேண்டாம்.

ஐந்தாம் படி: மேலே தடவுபவை

எதைத் தடவினாலும் முறை ஒன்றுதான். கொப்பளித்த பிறகு சுத்தமான பஞ்சால் புண்ணை ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஈரத்தின் மேல் தடவினால் எச்சிலோடு போய்விடும். பஞ்சு முனையில் கொஞ்சமாக எடுத்து ஒற்றி வையுங்கள், தேய்க்காதீர்கள். அப்புறம் அரை மணி நேரம் சாப்பாடு, தண்ணீர் எதுவும் வேண்டாம்.

தேன்: சிறிய ஆய்வுகள் சிலவற்றில் வலியும் சிவப்பும் குறைந்தது தெரிந்திருக்கிறது. நாளுக்கு மூன்று, நான்கு முறை தடவலாம். தேனும் சர்க்கரைதான் என்பதால் இரவு தடவிவிட்டு அப்படியே தூங்கினால் பல்லுக்கு நல்லதில்லை. 1 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது, போட்யூலிசம் என்ற ஆபத்தான நச்சுப் பாதிப்பு வர வாய்ப்பு உண்டு.

தேங்காய் எண்ணெய்: புண்ணைச் சீக்கிரம் ஆற்றும் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. ஆனால் மேலே ஒரு வழுவழுப்பான படலமாக நின்று, பல் உரசுவதைக் குறைக்கும். தடவினால் பலருக்கு இதமாக இருக்கிறது. கெடுதல் இல்லை.

மில்க் ஆஃப் மெக்னீசியா: மலச்சிக்கலுக்குக் குடிக்கும் அந்த வெள்ளைத் திரவத்தைப் பஞ்சில் நனைத்து, நாளுக்குச் சில முறை புண் மேல் ஒற்றலாம். அமிலத்தை முறிக்கும், மெல்லிய பூச்சாகவும் நிற்கும்.

பனிக்கட்டி: சின்னத் துண்டு, வாயில் மெதுவாகக் கரையவிட வேண்டும். கடிக்கக் கூடாது. சாப்பிட உட்காரும் முன் இரண்டு நிமிடம் இப்படிச் செய்தால் அந்த இடம் மரத்து, சாப்பாடு இறங்கும்.

எதைச் செய்யவே கூடாது

வலி மாத்திரையைப் புண் மேல் வைப்பது. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ஆஸ்பிரின் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி வைத்தால் அதன் அமிலம் சதையைச் சுட்டு, வெள்ளையாக உரிந்து வரும். கடுகளவு புண் காசளவு ஆவது இப்படித்தான். மாத்திரை விழுங்குவதற்கு மட்டுமே.

கிராம்பு எண்ணெயை நீர்க்காமல் தடவினாலும் சதை வெந்துபோகும். மரத்துப்போவதால் நல்லது நடப்பது போலத் தெரியும், அவ்வளவுதான். உப்புக்கல்லை, படிகாரத்தை நேரடியாகத் தேய்ப்பதும் இதே ரகம். ஹைட்ரஜன் பெராக்சைடைக் குப்பியில் இருந்து அப்படியே ஊற்றிக் கொப்பளிக்க வேண்டாம். மேலே உள்ள வெள்ளைப் படலத்தை நகத்தாலோ பிரஷ்ஷாலோ சுரண்டவும் வேண்டாம். அது சீழ் இல்லை. புண்ணை மூடிக் காக்கும் படலம், அதன் அடியில்தான் புதுத் தோல் வளர்கிறது.

மருந்துக் கடையில் கிடைப்பவை

இரண்டு நாள் இதையெல்லாம் செய்தும் சாப்பிட முடியவில்லை என்றால் மருந்தாளரைக் கேட்கலாம். லிடோகைன் ஜெல் வலியை மரக்கச் செய்யும். சாப்பாட்டுக்குச் சற்று முன் போட வேண்டும், ஆனால் மரத்த கன்னத்தைக் கடித்துக்கொள்ளாமல் கவனம். பென்சோகைன் கலந்த ஜெல்லை 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் போடவே கூடாது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது பாதிக்கக்கூடும். கோலின் சாலிசிலேட் ஜெல்லைக் குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் தவிர்ப்பது நல்லது, அது ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் புண்ணில் கிருமி சேராமல் பார்த்துக்கொள்ளும். பல் தேய்த்த கையோடு அதைப் பயன்படுத்தினால் பற்பசையின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும், அரை மணி இடைவெளி விடுங்கள். தொடர்ந்து வாரக்கணக்கில் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், டீ, காபி குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

டிரையம்சினலோன் பசை ஸ்டீராய்டு வகை. மருத்துவர் சொல்லிப் போடுவதே சரி. வைரஸ் புண்ணுக்கோ பூஞ்சைக்கோ போட்டால் நிலைமை மோசமாகும். இரவு படுக்கும் முன் ஒற்றி வைக்க வேண்டும். தேய்த்தால் மணல்போலத் திரிந்து உதிர்ந்துவிடும். "அந்த மருந்து ஒட்டவே மாட்டேன் என்கிறது" என்பவர்கள் பெரும்பாலும் தேய்த்திருப்பார்கள்.

அடிக்கடி வருகிறதா? காரணத்தைத் தேடும் முறை

உடம்புச் சூடு என்றும் வயிற்றுப் புண் என்றும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். வயிற்றில் அமிலம் சுரப்பதால் வாயில் இந்தப் புண் வருவதில்லை. அதற்காக மாதக்கணக்கில் அமிலக் குறைப்பு மாத்திரை விழுங்குவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒமிப்ரசோல் போன்றவற்றை நீண்டநாள் எடுத்தால் வைட்டமின் பி12 உறிஞ்சுவது குறையலாம், பி12 குறைந்தால் வாய்ப்புண் வரலாம். நீரிழிவுக்கான மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கக்கூடும்.

தேடலை வாயிலிருந்தே தொடங்குங்கள். புண் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வருகிறது என்றால் அங்கே உரசும் பொருள் எது என்று பாருங்கள். உடைந்த பல்லின் முனை, சரியாகப் பொருந்தாத பல் செட், பல் கம்பியின் நுனி. நாக்கால் தடவினாலே பல நேரம் பிடிபடும். பல் மருத்துவர் அந்த முனையை உரசி மழுக்கிவிட்டால் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். பிரஷ் கடினமானதா? மென்மையானதாக மாற்றுங்கள்.

அடுத்து, பற்பசைக் குழாயின் பின்பக்கத்தைப் படியுங்கள். சோடியம் லாரில் சல்பேட் என்று இருக்கும். நுரைக்காகச் சேர்ப்பது. சிலருக்கு இது இல்லாத பற்பசைக்கு மாறியதும் புண் வருவது குறைகிறது. எல்லாருக்கும் அப்படி நடக்காது. ஆனாலும் இரண்டு மூன்று மாதம் மாற்றிப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

உணவில் சந்தேகம் இருந்தால் ஒரு நோட்டு போடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எப்படித் தூங்கினீர்கள், என்ன மன அழுத்தம் என்பதை எழுதுங்கள், பெண்கள் மாதவிலக்குத் தேதியையும் சேர்த்து. புண் தலைகாட்டும்போது அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளைப் புரட்டுங்கள். ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்தால் அதை மட்டும் மூன்று, நான்கு வாரம் நிறுத்திவிட்டு, மறுபடி சாப்பிட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் பத்துப் பொருளை நிறுத்தினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. பலருடைய நோட்டில் குற்றவாளி உணவே இல்லை. தூக்கமில்லாத பரீட்சை வாரம்தான்.

புகை பிடிப்பதை நிறுத்தியவர்களுக்கு முதல் சில வாரங்கள் வாய்ப்புண் கூடுவது உண்டு. "விட்டதால்தான் வந்தது" என்று திரும்பவும் பற்றவைக்க வேண்டாம், அது தானே அடங்கும்.

சத்துக் குறைவு அடுத்த பெரிய காரணம்: இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம், துத்தநாகம். கீரை, பருப்பு, முட்டை, மீன், இறைச்சி, பால் ஆகியவற்றில் இவை கிடைக்கும். பி12 தாவர உணவில் கிட்டத்தட்ட இல்லை என்பதால் பால், முட்டைகூடத் தொடாதவர்கள் மாத்திரையாக எடுக்க வேண்டியிருக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளுங்கள்.

கடையில் கிடைக்கும் மல்டிவைட்டமின் மாத்திரையை வாங்கிப் போட்டால் போதாதா? 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வருடம் தினமும் மல்டிவைட்டமின் மாத்திரை சாப்பிட்டும் புண் வருவது குறையவில்லை. 2009-ல் வெளியான இன்னொரு சிறிய ஆய்வில், தினமும் இரவு 1000 மைக்ரோகிராம் பி12-ஐ நாக்கின் அடியில் வைத்து ஆறு மாதம் எடுத்தவர்களில் பலருக்குப் புண் வருவது நின்றது. பொத்தாம்பொதுவாக மாத்திரை விழுங்குவதைவிட, இரத்தப் பரிசோதனை செய்து எது குறைவோ அதை நிரப்புவதுதான் புத்திசாலித்தனம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

முதல் படியில் குறித்த தேதி இப்போது உதவும். 3 வாரமாகியும் ஆறாத எந்தப் புண்ணும் மருத்துவரோ பல் மருத்துவரோ பார்க்க வேண்டிய புண். வலி இல்லை என்று அலட்சியம் வேண்டாம். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. புண்ணின் ஓரம் தடித்துக் கடினமாக இருப்பது, பக்கத்தில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தொட்டால் இரத்தம், உதடோ நாக்கோ மரத்துப்போவது, கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் 3 வாரம் காத்திருக்காதீர்கள். புகையிலை, பாக்கு, மது பழக்கம் உள்ளவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

புண் 1 செ.மீ.க்கு மேல் பெரிதாக இருந்தாலோ, தண்ணீரே குடிக்க முடியாவிட்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ போய்விடுங்கள். வாய்ப்புண்ணோடு நீண்டநாள் வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் இருந்தால் குடல் நோய் இருக்கலாம். கண் சிவப்பு, மூட்டுவலி, பிறப்புறுப்பில் புண் இவை சேர்ந்து வந்தால் பெசெட் என்ற நோயையும் மருத்துவர் சந்தேகிப்பார். கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம்.

முடக்குவாதம் போன்றவற்றுக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்களுக்கு வாய்ப்புண் வந்தால் அது மருந்து அளவு மீறியதன் அறிகுறியாக இருக்கலாம். தைராய்டு அதிகச் சுரப்புக்குக் கார்பிமசோல் சாப்பிடுபவர்களுக்குக் காய்ச்சல், தொண்டை வலியோடு வாய்ப்புண் வந்தால் அன்றே இரத்த வெள்ளணுக்களைப் பரிசோதிக்க வேண்டும். நெஞ்சுவலிக்கான நிகோரான்டிலும் ஆறாத புண்ணைத் தரும், ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது.

போகும்போது தேதி குறித்த தாள், படங்கள், உணவு நோட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் இவற்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். முழு இரத்த அணுக்கள் எண்ணிக்கை, உடலில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட் (ஃபோலிக் அமிலம்) பரிசோதனைகளை எழுதித் தருவார். குடல் சந்தேகம் இருந்தால் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கும் பார்ப்பார். ஆறாத புண் என்றால் ஓரத்திலிருந்து சின்னத் துண்டு எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பலாம். மரக்க ஊசி போட்டுச் சில நிமிடத்தில் முடியும் வேலைதான் அது, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.